கரிசலிலிருந்து கொழுக்குமலைக்கு

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் சீமையில் வாழ்வோருக்கு மலை என்பது காலால் ஏறும் பொருளன்று. கண்ணால் காணும் பொருள். கார்த்திகை மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும் சில காலைகளில் மேற்கே அடிவானத்தில் நீலக் கோடொன்று தெரியும். 'அதோ மேற்கு மலை' என்று பெரியோர் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவர். ஆடி மாதத்தில் அக்கோட்டின்மீது கருமேகம் திரள்வதையும் காண்போம். ஆயின் நம்மை வந்தடைவது மேகமன்று. புழுதியை வாரி இறைக்கும் காற்று மட்டுமே. "மழையை மலை வாங்கிக்கிடுது, காத்தை மட்டும் நமக்கு விட்டுடுது" என்று நம் பங்கின் முதியவர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அம்மலைத் தொடரின் முகடொன்றில் ஏறி நின்று நம் சீமை இருக்கும் திசையை நோக்கும் வாய்ப்பு, சென்ற தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நமக்குக் கிட்டியது.

இப்பயணத்தை முதலில் விரும்பியவர்கள் நம் பங்கின் இளைஞர்கள். கொழுக்குமலை என்னும் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் கரடுமுரடான ஜீப் பாதையின் படங்களைக் கைப்பேசியில் காட்டி, "சாமி, ஒரு நாள் பயணந்தான். இந்த ரோட்டுல ஒரு தடவையாவது போகணும்" என்றனர். படங்களைக் கண்ட நமக்கு, அதனை ரோடு என்று அழைப்பதற்கே துணிச்சல் வேண்டும் எனத் தோன்றியது. உருண்டைக் கற்களும், நீர் அரித்த பள்ளங்களும், ஒரு பக்கம் மலைச் சுவரும், மறுபக்கம் வெறும் வானமுமாக அது கிடந்தது. குடும்பங்களும் சேர்ந்து வருவதென்றால் செல்லலாம் என்றோம். இருபத்து நான்கு பேர் பெயர் கொடுத்தனர்.

இருபத்து நான்காவதாகப் பெயர் கொடுத்தவர் அறுபத்தொன்பது வயது மூதாட்டி.

"பாட்டியம்மா, அது கோயில் திருவிழாவுக்குப் போவது போன்ற பயணமன்று. ஜீப் தூக்கித் தூக்கிப் போடும். உங்களுக்கு எதற்கு?" என்று கேட்டோம்.

"சாமி, எங்க அக்கா போன மலை அது. நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல" என்றார் அவர்.

எழுபதுகளின் நடுவில் மழை பொய்த்த ஆண்டொன்றில், கண்மாய் வெடித்துக் கிடந்த நாளில், அவருடைய அக்காள் புதுமணப் பெண்ணாகக் கணவனோடு தேயிலைக் காட்டுக்குப் பிழைக்கச் சென்றாராம். சூரியநெல்லிப் பக்கத்துத் தோட்டம் என்பது மட்டுமே தங்கைக்குத் தெரிந்த முகவரி. ஆண்டுக்கு ஒரு கடிதம் வரும். 'இங்கே நெல்லுச்சோறு கிடைக்கிறது. குதிரைவாலிக் கஞ்சிக்குத்தான் நாக்கு ஏங்குகிறது' என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாராம். பின்னர் ஒருநாள் அக்காள் இறந்த செய்தியும் கடிதத்திலேயே வந்தது. அது வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

நாம் உடனே இசையவில்லை. மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்று, இரத்த அழுத்தமும் முதுகெலும்பும் பயணத்தைத் தாங்கும் என்று அவர் சொன்ன பிறகே தலையசைத்தோம். அப்போதும் மனத்தின் ஒரு மூலையில் அச்சம் இருந்தது.

இரவுப் பயணம்

நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குச் சிற்றுந்து புறப்பட்டது. மதுரை, உசிலம்பட்டி, தேனி என்று ஊர்கள் உறக்கத்திலேயே கடந்தன. போடிநாயக்கனூரை அடைந்தபோது இன்னும் விடியவில்லை. ஏலக்காய் ஏலத்துக்குப் பேர்போன அவ்வூரில் ஒரு தேநீர்க் கடை மட்டும் விழித்திருந்தது. அங்கே நின்ற சிறிது நேரத்தில் இளைஞர்களுக்கு ஒரு பழங்கதையைச் சொன்னோம்.

மூணாற்றுத் தேயிலை உலகச் சந்தைக்குச் சென்ற முதல் பெருவழி இந்தப் போடி வழிதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு சிறு இரயில் ஓடியது. டாப் ஸ்டேஷன் என்னும் மலை விளிம்போடு அதன் தண்டவாளம் முடிந்துவிடும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கும். பின்னர் போடிக்கும், அங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் சென்று கப்பலேறும். 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அடித்துச் சென்றது. அது மீண்டும் போடப்படவேயில்லை. மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் வந்த இரயிலும் அகலப் பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் நின்று, 2023 ஜூன் மாதத்தில்தான் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

இதே வழியில், தேயிலை இறங்கிய திசைக்கு எதிராக மேலே ஏறியவர்கள் நம் மக்கள். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் திரட்டிய குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே ஏறின. வானம் பொய்த்த ஆண்டுகளில் அக்கூட்டம் பெருகியது. கடலைத் தாண்டி இலங்கைக்குச் சென்றோரின் கதையை நம்மிற் பலர் அறிவர். மேற்கு மலைக்கு ஏறியோரின் கதை அதே அளவு பழையது. அதே அளவு நெருங்கியது. மூதாட்டி தேநீர்க் குவளையைக் கையில் ஏந்தியபடி இதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

போடிமெட்டு மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் சிற்றுந்து ஏறியபோது கிழக்கு வெளுத்தது. மேலே சோதனைச் சாவடியைக் கடந்தால் கேரளம். ஈண்டு ஒரு விந்தையைக் குறிப்பிட வேண்டும். கொழுக்குமலை தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் வண்டியில் அங்கே செல்ல விரும்புவோர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் நுழைந்து, சூரியநெல்லி வழியாகத்தான் ஏற வேண்டும். மலை நம்முடையது, வழி அண்டை வீட்டாருடையது.

பாதையல்லாத பாதை

சூரியநெல்லியில் நான்கு ஜீப்புகள் காத்திருந்தன. சொந்தக் கார்களை இப்பாதையில் விடுவதில்லை. இம்மலையை அறிந்த உள்ளூர் ஓட்டுநர்களின் ஜீப்புகளே செல்கின்றன. வண்டிக்கு ஆறு பேராக அமர்ந்தோம். மூதாட்டியை முதல் ஜீப்பில் ஓட்டுநருக்கு அருகில் முன்னிருக்கையில் இருத்தி, பின்னிருக்கையில் நாம் அமர்ந்தோம்.

சிறிது தூரம் தார்ச்சாலை. இருபுறமும் கத்தரித்துவிட்டாற்போன்ற தேயிலைச் சரிவுகள். பிறகு தார் முடிந்தது. சாலை என்று சொல்லத்தக்க எல்லாமும் அத்தோடு முடிந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இன்னொரு சிறு நெம்புகோலைத் தள்ளினார். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும்படி செய்கிறார் என்று இளைஞர்கள் விளக்கினர். சாதாரண வண்டியில் இரண்டு சக்கரங்களே இழுக்கும். அவை ஈரக்கல்லில் வழுக்கினால் வண்டி அங்கேயே நின்றுவிடும். நான்கும் இழுத்தால், ஒன்று வழுக்கினும் மற்றொன்று பற்றிக்கொள்ளும்.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அப்பாதையில் சென்றோம். ஆளுயரத்தில் பாதியளவான கற்படிகளில் ஜீப் முன்காலைத் தூக்கிவைக்கும் காளையைப் போல ஏறியது. சில வளைவுகளில் ஒரே மூச்சில் திரும்ப இயலாமல், முன்னே சென்று, பின்னே வந்து, மீண்டும் முன்னே செல்ல வேண்டியிருந்தது. அவ்வாறு பின்னே வரும்போது பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே இருந்த மண்ணை நாம் பார்க்காமல் இருக்க முயன்றோம், முடியவில்லை. கம்பியைப் பற்றியிருந்த கைகளில் வியர்வை. குழந்தைகள் கூவிச் சிரித்தனர். தாய்மார் செபமாலையை எடுத்தனர். நாமும் எடுத்தோம் என்பதை மறைப்பானேன்?

ஓட்டுநர் நாற்பது வயதுக்காரர், தமிழர், பாட்டன் காலத்தில் உத்தமபாளையம் பக்கமிருந்து வந்த குடும்பம். "வேகமா போனா கல்லு நம்மள ஓட்டும். மெதுவா போனா நாம கல்ல ஓட்டலாம், சாமி" என்றார். வேகத்தைக் காட்டுவதன்று இவ்வித்தை. அடுத்த பத்தடியில் எந்தக் கல்லின்மீது எந்தச் சக்கரம் ஏற வேண்டும் என்பதை முன்னரே கண்ணால் அளந்து, முதற்கியரில் ஒரே சீராக ஊர்வதே இதன் இரகசியம். பள்ளத்தில் சக்கரத்தை இறக்காமல், கல்லின் தலைமீதே ஏற்ற வேண்டும். கல்லைத் தவிர்ப்பதாக நினைத்து அதை வண்டியின் வயிற்றுக்கு நேராக விட்டால் அடிப்பாகம் உடையும். இடரை ஒதுக்கிச் செல்வதைக் காட்டிலும் அதன்மேல் நேரே ஏறிச் செல்வது பத்திரமானது என்ற பாடம் நமக்குப் புதிதாயிருந்தது.

பாதித் தொலைவில், ஊற்றுநீர் வழிந்த பாறையொன்றில் மூன்றாவது ஜீப்பின் பின்சக்கரம் சுழன்று நின்றுவிட்டது. அனைவரும் இறங்கினோம். இளைஞர்கள் பின்னால் நின்று தள்ள ஓடினர். அவ்வண்டியின் ஓட்டுநர் உரத்த குரலில் அவர்களை விலக்கினார். பின்னோக்கி வழுக்கும் வண்டிக்குப் பின்னே மனிதர் நிற்பதைவிடப் பெரிய மடமை இல்லை என்றார். அவர்களைக் கொண்டு கற்களைப் பொறுக்கிச் சக்கரத்தின் அடியில் அடுக்கச் செய்து, தாம் தனியாக ஏறி, மெல்ல நகர்த்தி மேலே கொண்டுவந்தார்.

அக்காளைத் தேடி

இந்தக் காத்திருப்பின்போதுதான் கொழுந்து பறிக்கும் பெண்கள் நால்வர் அவ்வழியே மேலே நடந்து வந்தனர். முதுகில் சாக்கு, தலையில் துணிக்கட்டு, இடுப்பில் கனத்த தார்ப்பாய். நாம் கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறிய அதே கற்படிகளில் பேசிச் சிரித்தபடி ஏறினார்கள். அவர்களுக்கு அது வீட்டு வாசற்படி.

மூதாட்டி அவர்களை நிறுத்தினார். அக்காளின் பெயரைச் சொன்னார். அவர் கணவரின் பெயரைச் சொன்னார். ஊர்ப் பெயரைச் சொன்னார். மூவர் தலையசைத்தனர். நால்வரில் மூத்தவர் மட்டும் சற்று நேரம் யோசித்தார்.

"அந்தக் காலத்துல திருச்சுழிக்காரங்க லயம்னு கீழ ஒண்ணு இருந்துச்சுன்னு எங்கம்மா சொல்லும். இடிஞ்சுபோய் ரொம்ப வருசமாச்சு, ஆத்தா. இப்ப அங்கயும் தேயிலதான் இருக்கு. அவங்க பேரு எனக்குத் தெரியலயே" என்றார்.

கல்லறை எங்கே என்று கேட்டதற்கும் விடையில்லை. ஐம்பதாண்டு மழை எழுத்தில்லாத மண்மேட்டை விட்டுவைக்குமா?

மூதாட்டி அழுவார் என்று நினைத்தோம். அவர் அழவில்லை. தம் துணிப்பையைத் திறந்து, அதற்குள்ளிருந்து இரண்டு படி அளவுள்ள ஒரு சிறு மூட்டையை எடுத்தார். திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் விளைந்த குதிரைவாலி அரிசி. "அவளுக்குக் குடுக்கத்தான் கொண்டாந்தேன். நீங்க கஞ்சி வச்சுக் குடிங்க" என்று அம்மூத்த பெண்ணின் கையில் வைத்தார். அப்பெண் மூட்டையின் வாயை அவிழ்த்து முகர்ந்து பார்த்தார். "எங்க பாட்டி வீட்டு வாசம்" என்றார். பிறகு அந்நால்வரும் நடந்தனர். நாம் ஜீப்பில் ஏறினோம். வண்டிக்குள் நெடுநேரம் எவரும் கூவிச் சிரிக்கவில்லை.

முகட்டில்

கொழுக்குமலையின் விளிம்பில் இறங்கியபோது கீழே ஒன்றும் தெரியவில்லை. வெண்பஞ்சுக் கடலொன்று நம் காலடியிலிருந்து அடிவானம் வரை பரந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து சிங்கத்தின் முகம் போன்ற பாறை ஒன்று தலை நீட்டிற்று. சிறிது சிறிதாக வெயில் ஏற, மேகம் விலகிற்று. மெல்லிய திரைக்குப் பின்னால் மலைமடிப்புகளும், அவற்றின் அடியில் கொட்டகுடிப் பள்ளத்தாக்கும், தொலைவில் போடிச் சமவெளியும் வெளிப்பட்டன. அதற்கும் அப்பால், புகைமூட்டமாய்க் கண்ணுக்கெட்டாமல், நம் சீமை.

அங்கே நின்றபோதுதான் நம் பங்கு முதியவரின் சொல் எவ்வளவு உண்மையென விளங்கிற்று. நமக்குப் பின்புறம் மேற்குச் சரிவு முழுவதும் பச்சை. முன்புறம் கிழக்கே இறங்க இறங்கப் பழுப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று இம்மலையில் மோதி மேலெழுகிறது; மேலெழுந்த காற்று குளிர்ந்து, தான் சுமந்த நீரையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்குவது ஈரமிழந்து வெப்பமடைந்த காற்று. இடுக்கி மாவட்டம் ஆண்டில் மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுகிறது. நம் விருதுநகர் மாவட்டத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வருவது. அது தவறினால் குண்டாறு மணலாறுதான், கண்மாய் ஆட்டுக்கிடைதான். மேற்கே வழியும் நீரில் ஒரு பகுதியை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாற்று அணை 1895இல் திறக்கப்பட்டது. அதன் கால்வாய்கள் மதுரைப் பக்கத்து வயல்களைக் குளிர்வித்தன. அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலுக்கு அவை எட்டவில்லை. ஆக, தண்ணீர் வரவில்லை. தண்ணீர் இருந்த இடத்துக்கு மனிதர்கள் சென்றார்கள். மூதாட்டியின் அக்காளும் அவ்வாறு சென்றவரே.

அப்போது இளைஞர் எண்மர் நம்மிடம் வந்தனர். விளிம்பிலிருந்து புல்வெளியூடே இறங்கிச் செல்லும் ஒற்றையடித் தடத்தைக் காட்டினர். அது குரங்கணிக்குப் போகிறதாம். தாங்கள் அதன் வழியே நடந்து இறங்கிவிடுவதாகவும், மாலையில் சிற்றுந்தைப் போடிக்கு வரச் சொன்னால் அங்கே சேர்ந்துகொள்வதாகவும் கூறினர். வெயில் இதமாயிருந்தது, தடம் தெளிவாய்த் தெரிந்தது, அவர்கள் கால்களில் வலுவிருந்தது. ஒப்புக்கொள்வது என்றே நாமும் எண்ணிவிட்டோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

நம் ஓட்டுநர் குறுக்கிட்டார். "சாமி, வேண்டாம். இந்தச் சரிவுலதான் அன்னைக்குப் பிள்ளைக போச்சு."

2018 மார்ச் 11. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்தும் வந்த மலையேற்றக் குழுவினர் முந்தின நாள் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறி, அன்று திரும்ப இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோடையில் காய்ந்த ஆளுயரப் புல். கீழிருந்து தீ எழுந்தது. காட்டுத்தீ சமவெளியைக் காட்டிலும் சரிவில் மேல்நோக்கி மிக விரைந்து பாயும். மேலே உள்ள புல்லைத் தன் வெப்பத்தாலேயே முன்கூட்டி உலர்த்திக்கொண்டு ஏறும். காற்றும் அதற்குத் துணை நின்றது. ஓடியவர்களில் பலர் பள்ளத்தில் விழுந்தனர். புகையில் திசை இழந்தனர். விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன; ஊர் மக்கள் போர்வையில் கட்டித் தூக்கி இறக்கினர். சம்பவ இடத்திலும் பின்னர் மருத்துவமனைகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளம் வயதினர். வார விடுமுறை நாளொன்றை மகிழ்ச்சியாய்க் கழிக்க வந்தவர்கள். அதே 2018ஆம் ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. இன்று அனுமதி பெற்ற தடங்களில், வழிகாட்டியோடு மட்டுமே செல்லலாம்.

நாம் இளைஞர்களை நோக்கி, "இல்லை, தம்பிகளே. ஒருவரும் இறங்குவதில்லை" என்றோம். ஒருவன் முகம் சிவந்தது. "இப்ப தை மாசம் சாமி, தீ எங்க வரும்?" என்றான். "வராமலிருக்கலாம். உன் தாயிடம் 'வராமலிருக்கலாம்' என்று சொல்லி உன்னை அழைத்து வரவில்லையே" என்றோம். அவன் பேசாமல் விலகிச் சென்று பாறையில் அமர்ந்தான். சற்று நேரத்தில் அனைவரும் அவ்விளிம்பில் ஒன்றுகூடி, அங்கே மாண்டோருக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். அவனும் எழுந்து வந்து நின்றான்.

அதே ஆண்டில், தீ நடந்த சில மாதங்களுக்குள், இம்மலைச் சரிவுகளில் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்துக் காய்த்து மடியும் செடி அது. இனி 2030இல் பூக்க வேண்டும். கருகிய சரிவும் நீலம் போர்த்த சரிவும் ஒரே ஆண்டில் ஒரே மலையில் காணக் கிடைத்தன. மலைக்கு அவ்விரண்டும் ஒன்றுதான் போலும், மனிதருக்கு அவ்வாறில்லை.

ஒரு குவளைத் தேநீர்

விளிம்பிலிருந்து சற்றுக் கீழே 1930களில் எழுந்த தேயிலை ஆலை நிற்கிறது. உலகின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களுள் ஒன்று என்று இதற்குப் பெயர். பழைய மரத்தளங்களும் பழைய எந்திரங்களுமாக, பாட்டன் வீட்டுப் பரணுக்குள் நுழைந்தாற்போல் இருந்தது. பறித்த கொழுந்தை முதலில் நீண்ட தொட்டிகளில் பரப்பிக் காற்றோட்டத்தில் வாட்டுகிறார்கள். வாடிய இலையை உருளை எந்திரத்தில் முறுக்கிப் பிசைகிறார்கள். சாறு வெளிப்பட்ட இலை காற்றோடு கலந்து, பச்சை நீங்கிச் செம்பு நிறமாகிறது. மணம் பிறப்பது அப்போதுதான். பிறகு சூடான காற்றில் உலர்த்தி, சலித்து, தரம் பிரிக்கிறார்கள். இலையைப் பொடிப்பொடியாய் நறுக்கி விரைவில் முடிக்கும் புதுமுறையில் நிறம் மிகும். இப்பழைய முறையில் மணம் மிகும் என்று அங்கிருந்தோர் விளக்கினர்.

பாலில்லாத தேநீரைக் கையில் வாங்கியபோது, வழியில் கண்ட அந்நால்வரின் நினைவு வந்தது. இத்தேநீரின் மணத்துக்குப் பின்னால் எத்தனை தலைமுறைகளின் முதுகுகள்! 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள், எந்தத் தலைவரையும் முன்னிறுத்தாமல் 'பொம்பிளை ஒருமை' என்று திரண்டு, இருபது விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில், இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது உயிர்கள் போயின. அவர்களிற் பலர், நம் கரிசலின் தொடர்ச்சியான கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து ஏறிய குடும்பங்களின் வழிவந்தோர். வறட்சிக்கு அஞ்சி மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகளை மழை கொண்டுபோயிற்று. இதற்கு என்ன பொருள் என்று நாம் உரை கூற முற்படவில்லை. தேநீர்ப் பொட்டலங்களை வாங்கும்போது இளைஞர் ஒருவர் விலை அதிகமெனப் பேரம் பேசத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டதை மட்டும் கண்டோம்.

இறக்கம்

ஏற்றத்தைக் காட்டிலும் இறக்கம் கடினம் என்று ஓட்டுநர் முன்னரே எச்சரித்திருந்தார். இறங்கும்போது பிரேக்கை நம்பலாகாது. ஓயாது மிதித்தால் அது சூடேறிப் பிடி இழந்துவிடும். முதற்கியரில் எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க, ஒவ்வொரு கல்லாக இறங்க வேண்டும். மூதாட்டி முன்னிருக்கையில் கம்பியைப் பற்றாமலே அமர்ந்திருந்தார். அவர் கண்கள் பாதையின் இரு மருங்கிலும் சென்றுகொண்டிருந்தன. தேயிலையாகிப்போன அந்த லயம் எந்தச் சரிவில் இருந்திருக்கும் என்று தேடினாரோ என்னவோ!

கொழுக்குமலைக்குக் குடும்பத்தோடு செல்ல விரும்பும் வாசகர்களுக்குச் சில சொற்கள். தென்மேற்குப் பருவமழை மாதங்களைத் தவிர்க்கவும். ஈரப்பாறையில் இப்பாதை கொடியது. கருவுற்றோர், இதய நோயாளர், முதுகு வலி உடையோர் இதில் ஏறவே வேண்டாம். முதியோர் மருத்துவரைக் கேட்டே ஏற வேண்டும். கம்பளியும் காதை மூடத் துணியும் கட்டாயம் தேவை. ஒரு ஜீப்பில் அனுமதிக்கப்பட்ட தொகைக்கு மேல் ஒரு குழந்தையைக்கூடத் திணிக்க வேண்டாம். எதிரே தோட்டத்து டிராக்டர் வந்தால் அதற்கே முதலில் வழி விடுக. பாதை அவர்களுக்காக உண்டானது, நாம் விருந்தினர். பிளாஸ்டிக் பைகளைக் கொண்டு சென்றவாறே திரும்பக் கொண்டு வருக. அனுமதியில்லாத தடத்தில் ஓரடியும் வைக்க வேண்டாம். தீக்குச்சி உரசவும் வேண்டாம்.

இரவு பதினொரு மணியளவில் நம் ஊர் எல்லையை அடைந்தோம். கருவேலங்காட்டின் வாடையும், எங்கோ தறியோடும் ஓசையும், அறுத்து அடுக்கிய மல்லிச் செடியின் மணமும் சிற்றுந்தின் சன்னல் வழியே வந்தன. கோயில் வாசலில் இறங்கிய மூதாட்டியிடம், "களைப்பா, பாட்டியம்மா?" என்று வினவினோம்.

"களைப்பு என்ன சாமி! அவ தினமும் ஏறி இறங்கின வழியில ஒரு நாள் போய்ட்டு வந்தேன்" என்றார்.

மறுநாள் ஞாயிறு. முகட்டில் நம்மோடு சினந்த அவ்விளைஞன் திருப்பலிக்கு முன்பே வந்து காத்திருந்தான். அம்மூதாட்டியின் அக்காள் பெயருக்கு ஒரு பூசை வைக்க வேண்டும் என்றான். காணிக்கையை எண்மரும் சேர்ந்து போட்டிருந்தனர். அக்காளின் பெயரை அவர்கள் சரியாக நினைவில் வைத்திருந்தார்கள்.